சூளை அணைந்த பிறகும் ஏன் திறப்பதில்லை? விருத்தாசலம் பீங்கான் சொல்லும் 573 டிகிரி கணக்கு

கார்த்திகை நெருங்க நெருங்க விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பரபரப்பு கூடிவிடும். அகல் விளக்குக்கு ஆர்டர் கொடுத்த வெளியூர் வியாபாரிகள் "சரக்கு எப்போ வரும்?" என்று போன் மேல் போன் போடுவார்கள். லோடு ஏற்ற வண்டி ரெடி. சூளையில் தீயும் அணைந்தாகிவிட்டது. ஆனாலும் கதவைத் திறக்க மாட்டார்கள். சூளையின் அளவைப் பொறுத்து ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் அப்படியே மூடி வைத்திருப்பார்கள்.

கை சுடும் என்பதற்காக மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. அவசரப்பட்டுத் திறந்தால், நன்றாக வெந்த சரக்கே உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். மண், வண்ணம், எரிபொருள், பல நாள் கூலி எல்லாம் ஒரே மணி நேரத்தில் வீணாகும். பண்டிகை சரக்கு என்றால் இழப்பு இன்னும் அதிகம். கார்த்திகை முடிந்த மறுநாள் அகல் விளக்கை யார் வாங்குவார்கள்?

வெப்பத்தைத் தாங்கி வெந்த பொருள், ஆறும்போது ஏன் உடைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு இயற்பியல் தரும் பதிலின் பெயர் 'நிலை மாற்றம்'. பள்ளிக்கூடத்தில் ஐஸ், தண்ணீர், நீராவி என்று மூன்று படம் போட்டு முடித்துவிட்ட பாடம்தான். அந்தப் பாடத்தின் மீதிக் கதை சூளைக்குள் இருக்கிறது.

பழைய மலையும் வெள்ளை மண்ணும்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் ஊர் விருத்தாசலம். பக்தர்களுக்கு இது பழமலைநாதர் கோயில் ஊர். ரயிலில் போகிறவர்களுக்கு சேலம், கடலூர் பாதைகள் பிரியும் ஜங்ஷன். தொழில் தெரிந்தவர்களுக்கு பீங்கான் நகரம். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்க அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மைகள், ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று இங்கே உருவாகும் பொருள்கள் பல ஊர்களுக்குப் போகின்றன.

பக்கத்திலேயே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கானுக்கு அதுதான் உயிர். இந்த வெண்களிமண்ணின் முக்கியக் கனிமத்துக்கு 'கயோலின்' என்று பெயர். சீனாவில் பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜன் நகரத்துக்கு அருகிலுள்ள 'காவ்லிங்' என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்தது அது.

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: முதிய மலை. கயோலினும் அப்படித்தான் பிறக்கிறது. பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் ஈரத்திலும் கிடந்து முதிர்ந்து, மெத்தென்ற களிமண்ணாகிவிடுகிறது.

பீங்கான் கலவையில் பொதுவாக மூன்று பொருள்கள் இருக்கும். உருவம் கொடுக்க களிமண். சூட்டில் உருகிப் பசை போல ஒட்ட ஃபெல்ட்ஸ்பார். எலும்புக்கூடு போலத் தாங்கி நிற்க குவார்ட்ஸ். வயல்வெளியிலும் ரயில் பாதை ஓரத்திலும் வெள்ளையாகக் கிடக்குமே வெங்கச்சங்கல், அதுதான் குவார்ட்ஸ். இன்றைய கதையின் நாயகனும் அதுவே, வில்லனும் அதுவே.

முதலில் அடுப்பங்கரைக்கு

சூளைக்குள் போவதற்கு முன் சமையலறையை எட்டிப் பார்த்துவிடலாம். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கிறது. அடுப்பைச் சிறிதாக வைத்தாலும், பெரிதாக வைத்தாலும் கொதிக்கும் தண்ணீரின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அப்படியானால் கூடுதலாக எரித்த கேஸ் எங்கே போகிறது?

தண்ணீரை ஆவியாக்கப் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 293 கிலோ ஜூல் ஆற்றல் போதும். அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க சுமார் 2,257 கிலோ ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! தெர்மாமீட்டரில் ஒரு டிகிரிகூட ஏறாது. ஆனால் அத்தனை ஆற்றலும் மூலக்கூறுகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரித்தெடுப்பதில் செலவாகியிருக்கும். இதற்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். கொதி வந்த பிறகு அடுப்பைக் குறைத்து வைக்கும் பாட்டிகள் இந்தக் கணக்கைப் போடாமலே அறிந்தவர்கள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துவிடுகிறது, ஏனென்றால் அது உறைவது சுமார் 24 டிகிரியில். பொருள் அதேதான். மூலக்கூறுகளும் அதேதான். அவை அடுக்கி நிற்கும் விதம் மட்டும், குறிப்பிட்ட ஓர் எல்லையைத் தொட்டவுடன் மாறிவிடுகிறது. நிலை மாற்றம் என்பதன் சாரம் இதுதான்.

திடத்துக்குள்ளேயே இன்னொரு திடம்

ஐஸ் தண்ணீராவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத மாற்றங்களும் உண்டு. இரும்பு ஆணியைச் சூடாக்கிக்கொண்டே போனால், 770 டிகிரி வாக்கில் காந்தம் அதை ஈர்ப்பதை நிறுத்திவிடும். ஆணி உருகவில்லை, பார்க்க அதே ஆணிதான். ஆனால் அதன் உள்ளே ஓர் ஒழுங்கு குலைந்துவிட்டது.

குவார்ட்ஸிலும் அப்படி ஒரு மாற்றம் நடக்கிறது. ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள், நான்கு முக்குள்ள ஒரு சின்னக் கூடு போல இருக்கும். இந்தக் கூடுகள் முனையோடு முனை கைகோத்து நிற்பதுதான் குவார்ட்ஸ் படிகம். சாதாரண வெப்பநிலையில் இவை கொஞ்சம் திரும்பி, சாய்ந்து, நெருக்கியடித்து நிற்கும். பஸ்ஸில் கூட்டம் அதிகமானால் தோளைச் சாய்த்து நிற்போமே, அந்த மாதிரி. வெப்பம் 573 டிகிரியை எட்டியதும் எல்லாக் கூடுகளும் நிமிர்ந்துவிடுகின்றன. கைகோத்த பிடி எதுவும் அறுவதில்லை. நின்ற இடத்திலேயே நிமிர்கின்றன, அவ்வளவுதான். ஆனால் நிமிர்ந்து நிற்க இடம் கூடுதலாக வேண்டுமே! படிகத்தின் கன அளவு சட்டென ஏறத்தாழ ஒரு சதவீதம் கூடுகிறது.

ஆறும்போது அதே 573 டிகிரியில் எல்லாம் மறுபடி சாய்ந்து, படிகம் சுருங்குகிறது. எத்தனை முறை சூடாக்கினாலும், எத்தனை முறை ஆறவைத்தாலும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். 1889-ல் இதைக் கண்டறிந்தவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஹென்றி லெ ஷாட்லியே. பிளஸ் டூ வேதியியலில் வரும் 'லெ ஷாட்லியே தத்துவம்' இவருடையதுதான். மிக அதிக வெப்பத்தை அளக்க உதவும் பிளாட்டின வெப்ப இரட்டையை 1880-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவரும் இவரே. இன்றும் சூளைகளின் வெப்பத்தை அளக்க வெப்ப இரட்டையைத்தான் செருகி வைக்கிறார்கள்.

சூளைக்குள் ஒரு பயணம்

இப்போது ஓர் அகல் விளக்கோடு சேர்ந்து சூளைக்குள் போகலாம்.

100 டிகிரி: மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். சரியாகக் காயாத பொருளை வேகமாகச் சூடாக்கினால், வெளியேற வழியில்லாத ஆவி அதை வெடிக்கவைத்துவிடும். பச்சைப் பொருளை நாள்கணக்கில் நிழலில் உலர்த்துவது இதனால்தான்.

500 முதல் 600 டிகிரி: இங்கே இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, கயோலின் படிகத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. 100 கிராம் சுத்தமான கயோலினிலிருந்து சுமார் 14 கிராம் நீர் இப்படிப் போய்விடும். இது திரும்பி வராத மாற்றம். உலர்ந்த பச்சை மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் குழைத்துவிடலாம். இந்த எல்லையைத் தாண்டிய மண்ணை எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது களிமண் ஆகாது. 'பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா?' என்ற பழமொழி சொல்வது இதைத்தான். இரண்டாவது, 573-ல் குவார்ட்ஸ் நிமிர்கிறது. இது திரும்பி வரும் மாற்றம்.

இந்த வேறுபாடு முக்கியம். களிமண் நீரை இழப்பது வேதியியல் மாற்றம், பொருளே வேறாகிவிடுகிறது. குவார்ட்ஸில் நடப்பதுதான் அசல் நிலை மாற்றம். பொருள் மாறவில்லை, அடுக்கு மட்டும் மாறியது.

1,000 டிகிரிக்கு மேல்: களிமண்ணிலிருந்து 'முல்லைட்' என்ற ஊசி ஊசியான புதிய படிகங்கள் வளரத் தொடங்குகின்றன. ஸ்காட்லாந்தின் மல் தீவில் இயற்கையாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். பீங்கானுக்கு வலு சேர்ப்பதில் இந்த ஊசிகளுக்குப் பங்கு உண்டு.

1,200 டிகிரி வாக்கில்: ஃபெல்ட்ஸ்பார் உருகித் தேன் போல ஆகி, துளைகளை அடைக்கிறது. பொருள் சுருங்கி இறுகுகிறது. ஆறும்போது இந்தத் தேன் படிகமாவதில்லை. பாகு இறுகி மிட்டாய் ஆவது போல, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு கண்ணாடியாகிறது. தண்ணீர் ஐஸாவது போல இதற்கு ஒரே ஒரு புள்ளி கிடையாது.

மண்பானைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மண்பானையை இவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அதனால் துளைகள் அடைபடாமல் தண்ணீர் கசிந்து, ஆவியாகி, பானையைக் குளிர்விக்கிறது. ஜாடி நன்றாக வெந்து கண்ணாடி பிடித்துவிட்டதால் உப்பும் எண்ணெயும் உள்ளேயே நிற்கின்றன. பானைக்குத் துளை வேண்டும், ஜாடிக்குத் துளை கூடாது. இரண்டையும் தீர்மானிப்பது சூளையின் வெப்பம்.

வெப்பம் போதுமான அளவு ஏறிவிட்டதா என்பதைப் பார்க்கவும் பீங்கான்காரர்கள் இதே அறிவியலைப் பயன்படுத்தினார்கள். 1886-ல் ஜெர்மனியின் ஹெர்மன் சேகர் சிறு சிறு கூம்புகளை உருவாக்கினார். ஒவ்வொரு கூம்பின் கலவையும் ஒவ்வொரு வெப்பத்தில் இளகித் தலை சாயும். சூளையின் துவாரம் வழியே பார்த்து, எந்தக் கூம்பு வணங்கியிருக்கிறது என்று கண்டால் போதும்.

ஏறும்போது இல்லாத ஆபத்து, இறங்கும்போது ஏன்?

573 டிகிரியைப் பொருள் இரண்டு முறை கடக்கிறது. ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. ஏறும்போது மண் இன்னும் இறுகவில்லை. துகள்களுக்கு இடையே துளைகள் நிறைய. குவார்ட்ஸ் துகள் கொஞ்சம் பெருத்தாலும் விலகிக்கொள்ள இடம் இருக்கிறது.

இறங்கும்போது நிலைமை வேறு. ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடியாக இறுகி, கரையாமல் மிஞ்சிய குவார்ட்ஸ் துகள்களை நாலாபுறமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் துகள் சட்டென்று சுருங்கினால் சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்து இழுக்கும். பொருள் முழுக்க ஒரே சீராக ஆறினால் இந்த இழுப்பை அது தாங்கிக்கொள்ளும். கதவைத் திறந்துவிட்டால் சீர் குலையும். பீங்கான் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், வெளிப்புறம் 573-க்குக் கீழே போய்ச் சுருங்கிவிட, உட்புறம் இன்னும் மேலே நிற்கும். சட்டை சுருங்கிவிட்டது, உடம்பு சுருங்கவில்லை. தையல் எங்கே பலவீனமோ அங்கே பிய்யும்.

இதில் கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. சூடான பொருள் மனிதக் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியத் தொடங்குவது சுமார் 525 டிகிரியில். ஆகவே ஆறும் சூளையில் செந்நிறம் மங்கி, கிட்டத்தட்ட அணைந்தாற்போலத் தெரிகிற நேரத்தில்தான் குவார்ட்ஸ் தன் எல்லையை நெருங்குகிறது. 'நெருப்பு செத்துவிட்டது' என்று கண் சொல்கிற நேரமே ஆபத்தான நேரம்.

அதோடும் முடியவில்லை. அதிக வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் சிலிக்காவின் ஒரு பகுதி 'கிறிஸ்டோபலைட்' என்ற வேறொரு படிகமாக மாறிவிடலாம். அதுவும் ஆறும்போது சுமார் 226 டிகிரியில் சட்டெனச் சுருங்கும். அந்தச் சுருக்கம் குவார்ட்ஸின் சுருக்கத்தைவிடப் பெரியது. அப்போது சூளைக்குள் வெளிச்சம் என்று ஒன்றுமே இருக்காது. ஆறிப்போன அடுப்பு போலத்தான் தெரியும்.

ஆகவே, பூட்டிய சூளை சும்மா கிடப்பதில்லை. 573-ஐயும் 226-ஐயும் நிதானமாகக் கடந்துகொண்டிருக்கிறது. அனுபவசாலிகள் காலம் காலமாகக் கடைப்பிடித்த பொறுமைக்கு அறிவியல் வைத்த பெயர்தான் இந்த இரண்டு எண்கள்.

573 டிகிரியை உற்றுப் பார்த்த ராமன்

சாய்ந்து நிற்கும் கூடுகள் நிமிரப்போகின்றன என்பது முன்கூட்டியே தெரியுமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர், திருச்சி அருகே திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமன். 1930-ல் நோபல் பரிசு பெற்றவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியபோது, டி.எம்.கே.நெடுங்காடி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து குவார்ட்ஸ் படிகத்தைச் சூடாக்கி, அதன் மீது ஒளியைப் பாய்ச்சினார்.

ராமன் விளைவின்படி, ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் அதன் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்ற செய்தியும் கலந்திருக்கும். ஒவ்வோர் அதிர்வுக்கும் நிறமாலையில் ஒரு கோடு. வெப்பத்தை 573-ஐ நோக்கி ஏற்ற ஏற்ற, மற்ற முக்கியக் கோடுகள் தெளிவாகத் தெரிய, ஒரே ஒரு கோடு மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டது. பரந்து, மங்கி, இடம் பெயர்ந்து, அந்த அதிர்வு தளர்ந்துகொண்டே போவதைக் காட்டியது.

கல்யாணப் பந்தல் காலை நினைத்துக்கொள்ளுங்கள். உறுதியாக ஊன்றிய காலை ஆட்டினால் விறுவிறுவென்று அதிர்ந்து நின்றுவிடும். அடிமண் இளகிய காலை ஆட்டினால் மெதுவாக அசையும். அசைவு மெதுவாக ஆக, கால் விழப்போகிறது என்று அர்த்தம். குவார்ட்ஸிலும் எந்த அசைவு கூடுகளை நிமிர்த்தப்போகிறதோ, அந்த அசைவுதான் முன்கூட்டியே தளர்கிறது. இந்த ஆய்வு 1940-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. பிற்பாடு, 1960 வாக்கில் வில்லியம் காக்ரன், பிலிப் ஆண்டர்சன் ஆகியோர் இந்தக் கருத்தை முழுமையான கோட்பாடாக வளர்த்தார்கள். 'மென் அதிர்வு' என்று இன்று உலகம் முழுக்க நிலை மாற்றப் பாடங்களில் சொல்லித்தரப்படும் கருத்துக்கு முன்னோடிச் சோதனை அது. விருத்தாசலத்தில் அகல் விளக்கை உடைக்கும் அதே 573 டிகிரி மாற்றம்தான் பெங்களூரில் அந்தச் சோதனையின் பொருளாக இருந்தது.

வாங்கும்போதும் வீட்டிலும்

கடையில் பீங்கான் வாங்கும் பெரியவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று நீளமாக ஒலித்தால் எடுத்துக்கொள்வார்கள். 'டொக்' என்று அடங்கினால் வைத்துவிடுவார்கள். இது சரியான சோதனை. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதன் இரு விளிம்புகளும் உரசி அதிர்வைத் தின்றுவிடும்.

சூடான கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடுவதற்கு 573 காரணமல்ல. வீட்டில் அவ்வளவு வெப்பம் கோப்பைக்கு வராது. ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் சுருங்காமல் நிற்பதால் வரும் சாதாரண வெப்ப அதிர்ச்சி அது. ஆனால் ஊறுகாய் ஜாடியையோ பீங்கான் தட்டையோ நேரடியாக கேஸ் அடுப்பில் வைப்பது நல்லதல்ல. தீ படும் இடம் மட்டும் வேகமாகச் சூடேறும். இறுகிய பீங்கானுக்கு அந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கும் நெளிவு கிடையாது. கிறிஸ்டோபலைட் உள்ள பொருளாக இருந்தால், அவன் சூட்டிலேயே 226 டிகிரி எல்லையைத் தொட்டுவிடும் வாய்ப்பும் உண்டு. 'அவனில் வைக்கலாம்' என்று குறிப்பிட்டு விற்கப்படும் பாத்திரங்களை மட்டும் அவனில் வையுங்கள். அவற்றையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வைக்க வேண்டாம்.

நுரையீரலுக்கும் வித்தியாசம் தெரியும்

அணுக்களின் அடுக்கு மாறினால் பொருளின் குணம் மாறும் என்பதற்கு, சிரிக்க முடியாத உதாரணம் ஒன்றும் இருக்கிறது. சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. ஒழுங்காக அடுக்கப்பட்டால் குவார்ட்ஸ் அல்லது கிறிஸ்டோபலைட். ஒழுங்கில்லாமல் இருந்தால் படிகமற்ற சிலிக்கா. வேதியியல் வாய்பாடு ஒன்றே.

ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, பணியிடங்களில் சுவாசிக்கும் குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் தூசியை 1997-ல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. படிகமற்ற சிலிக்காவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. படிகத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும் 'சிலிக்கோசிஸ்' நோய் வரும். தழும்பேறிய நுரையீரல் பழையபடி ஆகாது. சுட்ட மண் பச்சை மண் ஆகாத மாதிரி. நமது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களில் ஒன்றாக இதை வைத்திருந்தது.

கல் உடைக்குமிடம், குவார்ட்ஸ் அரைக்குமிடம், பீங்கான் பொடி கலக்குமிடம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஈர மண்ணைக் கையில் பிசைவதில் இந்த ஆபத்து இல்லை. காய்ந்து பறக்கும் தூசியில்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் அடிவரை போகும். வேலை முடிந்து தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துத் துடைப்பது, அரைக்கும் இயந்திரத்தை மூடி வைப்பது, தூசியை இழுக்கும் விசிறி பொருத்துவது, துணிக்குப் பதில் தூசி வடிகட்டும் முகக்கவசம் போடுவது, வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காமல் இருப்பது, இவையெல்லாம் உயிர் காக்கும் பழக்கங்கள். சூளை சரக்கைக் காப்பாற்றக் காட்டுகிற அதே நிதானம், அதைச் செய்கிற மனிதருக்கும் வேண்டும்.

விரிசலை மூடும் விரிசல் காரணம்

நிலை மாற்றம் பீங்கானுக்கு எப்போதும் எதிரிதானா? இல்லை. பல் டாக்டரிடம் 'ஜிர்கோனியா கேப்' போட்டவர்களின் வாயில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

ஜிர்கோனியாவும் ஒரு செராமிக்தான். சுத்தமான ஜிர்கோனியாவை அதிக வெப்பத்தில் சுட்டு ஆறவைத்தால், வழியில் அதன் படிக அடுக்கு மாறி, கன அளவு பெருத்து, பொருள் சுக்குநூறாகிவிடும். குவார்ட்ஸ் செய்வது குறும்பு என்றால் இது அட்டூழியம். யிட்ரியா போன்ற ஒரு பொருளைக் கொஞ்சம் சேர்த்தால், ஆறிய பிறகும் உயர்வெப்ப அடுக்கிலேயே அதை நிறுத்திவைக்க முடியும் என்று கண்டறிந்தார்கள்.

1975-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவரும் 'நேச்சர்' இதழில் ஓர் ஆச்சரியத்தை எழுதினார்கள். இப்படி நிறுத்திவைக்கப்பட்ட ஜிர்கோனியாவில் ஒரு விரிசல் தோன்றினால், அதன் நுனியில் உள்ள இழுவிசையே அங்கிருக்கும் துகள்களின் அடுக்கை மாற்றிவிடுகிறது. மாறிய துகள்கள் பெருக்கின்றன. பெருத்த துகள்கள் விரிசலின் வாயை இரு பக்கமும் நெருக்கி, மேலே போகவிடாமல் தடுக்கின்றன. அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, 'செராமிக் எஃகா?' என்ற கேள்வி. எந்த மாற்றம் பொருளை உடைத்ததோ, அதே மாற்றம் உடையாமல் காக்கும் வேலைக்கு வந்துவிட்டது.

விருத்தாசலம் சூளைகளுக்கும் இந்த அறிவு தூரத்தில் இல்லை. குவார்ட்ஸை எவ்வளவு நைசாக அரைப்பது, கலவையில் எவ்வளவு சேர்ப்பது, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது, எந்த வேகத்தில் ஆறவைப்பது என்று ஒவ்வொன்றையும் அளந்து செய்தால் சேதாரம் குறையும், எரிபொருள் மிச்சமாகும். தொழிலும் தொழில் படிப்பும் ஒரே ஊரில் இருக்கும்போது, பரம்பரை அனுபவத்தையும் தெர்மாமீட்டரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது எளிது.

இந்தக் கார்த்திகைக்கு அகல் வாங்கும்போது ஒரு முறை சுண்டிப் பாருங்கள். 'ணங்' என்று ஒலித்தால், 573 டிகிரியில் யாரோ அவசரப்படாமல் இருந்திருக்கிறார்கள் என்று பொருள். நாலு காசு குறைத்துக் கேட்பதற்கு முன் அந்தக் காத்திருப்பையும் விலையில் சேர்த்துக்கொள்ளலாம்.